பத்துத் தோசைக்கல்லுக்குப் புகை வரி

மொட்டைப்பாறை எல்லைச் சாவடியில் மூன்று அதிகாரிகள். மூத்தவர் பெத்தபெருமாள், அடுத்தவர் ஆதிமூலம், இளையவன் சப்பாணி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். நான் போன அன்றைக்கு அதுவும் லீவில் இருந்தது.

பக்கத்து நாட்டிலிருந்து பத்து இரும்புத் தோசைக்கல் வாங்கி மாட்டு வண்டியில் வந்தேன். விடிந்தால் எங்கள் தோசைக்கடை திறப்பு. வீட்டில் என் மனைவி செண்பகம் இரண்டு அண்டா மாவு அரைத்து வைத்துவிட்டாள்.

பெத்தபெருமாள் புதுச் சட்டத்தை வாசித்தார். "வெளிநாட்டு இரும்புச் சாமான் செய்யப்பட்டபோது எவ்வளவு புகை வந்தது என்று அதிகாரி அறிந்து, அதற்கேற்ப வரி போட வேண்டும்."

கல் செய்த பட்டறைக்காரன் புகைக் கணக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன்.

"சீட்டை நீயே வச்சுக்கய்யா. அதிகாரி அறியணும்னுல்ல போட்டிருக்கு? நாங்க கண்ணால பார்க்கலையே" என்றார் அவர்.

"செஞ்சு முடிச்ச சாமானாச்சே அண்ணே, இனி எப்படிப் பார்க்கிறது?" என்றார் ஆதிமூலம்.

"மறுபடி செஞ்சா?" என்றான் சப்பாணி.

பெத்தபெருமாள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். பாழாய்ப் போனவர்.

சாவடியை ஒட்டிய பட்டறையிலிருந்து ஆசாரி வந்தார். என் பத்துக் கல்லையும் உலையில் காய்ச்சிக் கட்டியாக அடித்து, மறுபடி பத்துக் கல்லாகத் தட்டினார். மூன்று பேரும் நாற்காலி போட்டுப் புகையைப் பார்த்தார்கள். இருமினார்கள். இருமலையும் எழுதிக்கொண்டார்கள்.

"வரி எவ்வளவுங்க?"

"வரியே கிடையாது. இது நம்ம ஊர்ல செஞ்ச கல்லு."

கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏற்றினேன்.

"நில்லு! வெளிநாட்டுக் கல்லு பத்து வந்ததா ஏட்டுல எழுதியிருக்கே. அது எங்க?" என்றார் ஆதிமூலம்.

வண்டிக்கு அடியில் தேடினார்கள். மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார்கள். என் தூக்குச்சட்டியையும் விடவில்லை.

"அடப்பாவிகளா, இதுதான்யா அது!"

"இது எங்க கண்ணு முன்னால பிறந்ததுய்யா. எங்ககிட்டயேவா?" என்றான் சப்பாணி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் மாவு புளித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு யோசனை வந்தது. அது எனக்கு வந்த யோசனை என்பதில்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

"இதையே அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தா, வெளிநாட்டுக் கல்லு ஆயிடுமில்ல?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். வண்டியோடு எல்லையைத் தாண்டி, அங்கே நின்ற வேப்பமரத்தைச் சுற்றி வந்தேன்.

"வெளிநாட்டுக் கல்லு பத்து. சரியா இருக்கு!" பெத்தபெருமாள் சந்தோஷமாகச் சட்டத்தை எடுத்தார். "இது செஞ்சப்போ எவ்வளவு புகை வந்துச்சு?"

"நீங்கதானே உட்கார்ந்து பார்த்தீங்க!"

"நாங்க பார்த்தது உள்ளூர்க் கல்லுய்யா." அவர் பட்டறைப் பக்கம் திரும்பினார். "ஆசாரி, உலையை அணைச்சிடாதே!"