கோடு தாண்டாத திருவாழி

எந்த நாடு, எந்த ஆற்றங்கரை என்று கேட்காதீர்கள். வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு மன்னர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே ஆணை போட்டுவிடுவார்.

ஒருநாள் காலை அவர் மாடத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு துணி வியாபாரி, தன்னிடம் கடன் வாங்கியவனைத் துரத்திக்கொண்டு ஓடினான். இருவரும் நடுத்தெருத் தூணை மூன்று முறை சுற்றினார்கள். மன்னருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எதற்கு இந்த ஓட்டம்? சுற்றி ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டால் தீர்ந்தது!" என்றார்.

அன்றே அது சட்டமாகிவிட்டது. கடன் கொடுத்தவர், கடன்பட்டவனை எங்கே கண்டாலும் அவனைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒரு கோடு கிழிக்கலாம். கடன் தீரும்வரை அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலது பாதம் போய்விடும். கோடு போட்டவரைத் தவிர வேறு யாராவது அதை அழித்தால் அவருக்கும் அதே தண்டனை.

ஒரு மாதத்துக்குள் கடைத்தெரு மாறிப்போனது. எங்கே பார்த்தாலும் வட்டங்கள். உள்ளே வெயிலில் நிற்கும் ஆண்கள், பெண்கள். வெளியே நின்று அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் பிள்ளைகள். வேலைக்குப் போக முடியாதவன் எதை வைத்துக் கடனைத் தீர்ப்பான்? அதை மன்னரிடம் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அரண்மனை விகடகவி திருவாழி. அவன் வாயே திறக்கவில்லை.

காரணம், அவனும் கடன்பட்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி தையல்நாயகி எழுந்திருக்க முடியாத காய்ச்சலில் படுத்தாள். வைத்தியத்துக்கு ஒருவரிடம் நாற்பது பொன் வாங்கினான். அதன் வட்டியைக் கட்ட இன்னொருவரிடம் வாங்கினான். அவள் பிழைத்து எழுந்தபோது அவன் நான்கு பேருக்கு ஓலை எழுதிக் கொடுத்திருந்தான். கையில் வாங்கியது மொத்தம் நூற்றிருபது பொன். ஓலைகளில் அது முந்நூறாகி நின்றது. சம்பளமோ மாதம் ஆறு பொன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஊரைச் சிரிக்கவைக்கிறவன் எந்த வாயால் சொல்வான்? சபையில் நகைச்சுவை, வீட்டுக்குப் போகும்போது சுற்றுவழி. கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் சந்து சந்தாக நடந்தான். சோறு இறங்கவில்லை. தையல்நாயகி கேட்டால், "வயிறு சரியில்லை" என்பான்.

இது ஒருவருக்குத் தெரிந்துபோனது. பொக்கிஷ அதிகாரி சந்திரசூடர். அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் அளக்கும் மரக்கால் சிறுத்துவிட்டதைத் திருவாழி ஒருமுறை கிண்டல் செய்ய, மன்னர் அதை அளந்து பார்த்து, சந்திரசூடருக்கு அபராதம் போட்டிருந்தார். அந்தக் கோபம் ஆறவில்லை. நான்கு ஓலைகளையும் பாதி விலைக்குத் தானே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நல்ல நாளுக்காகக் காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். சிரித்தே அறியாத முகம். மன்னருக்கு உடனே ஆசை பிறந்தது. "நாளை மாலை விளக்கேற்றும் வேளையில் எம் விகடகவி உம்மைச் சிரிக்கவைப்பான்" என்று பந்தயம் கட்டினார். திருவாழியைப் பார்த்து, "விளக்கேற்றும்போது நீ சபையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் தலை உனக்கில்லை" என்றார்.

மறுநாள் காலை திருவாழி முச்சந்தியைக் கடக்கும்போது, யாரோ பின்னாலிருந்து, "கொஞ்சம் நில்லும்" என்றார்கள். நின்றான். இரும்புக் கம்பி முனை தரையில் கீறும் சத்தம் கேட்டது. குனிந்து பார்ப்பதற்குள் சந்திரசூடர் அவனைச் சுற்றி வந்து முடித்துவிட்டார். ஒன்றரை முழம் அகலம். உட்காரக்கூட இடமில்லை.

"முந்நூறு பொன்" என்றார் சந்திரசூடர், நான்கு ஓலைகளையும் விசிறிபோல விரித்துக் காட்டி. "தாண்டினால் கால் போகும். தாண்டாவிட்டால் மாலையில் தலை போகும். உமக்குத்தான் சமயோசிதம் அதிகமாயிற்றே, யோசியும்." இரண்டு காவலர்களை நிறுத்திவிட்டுப் போனார்.

திருவாழி யோசித்தான். ஒன்றுமே தோன்றவில்லை. கூட்டம் கூடியது. நேற்றுவரை அவன் சொன்னதற்கெல்லாம் சிரித்த முகங்கள். அவன் தலையை மார்போடு தாழ்த்திக்கொண்டான். வெயில் ஏறியது. வியர்வை கண்ணில் வழிந்தது. ஒரு கட்டத்தில் அவன் வலது காலைத் தூக்கிக் கோட்டுக்கு மேலே கொண்டுபோனான். வைத்துவிட்டால் முடிந்துவிடும். எல்லாமே முடிந்துவிடும்.

"ஐயா, காலை உள்ளே வைங்க."

பத்தடி தள்ளி இன்னொரு வட்டத்தில் நின்றவன்தான் பேசினான். கிணறு வெட்டும் இருளப்பன். பாறை உடைக்க உளியும் சம்மட்டியும் வாங்கப் பட்ட கடன். பதினோரு நாளாக அங்கேயே நிற்கிறான்.

"ரெண்டு காலுலயும் சமமா நிக்காதீங்க. மாத்தி மாத்தி நில்லுங்க. துண்டை நனைச்சுத் தலையில போடச் சொல்லுங்க."

திருவாழி மெல்லக் காலை உள்ளே இழுத்து வைத்தான். 

"எப்படி நிக்கிறே இருளப்பா, இத்தனை பேர் பாக்கும்போது?"

"மொத நாள்தாங்க. வெயிலு ஒண்ணும் பண்ணாது, வெட்கந்தான் ஆளைக் கொல்லும். நான் வாய்விட்டு, 'ஆமா, பதினெட்டுப் பொன் கடன், என்னால முடியல'ன்னு கத்துனேன். அப்புறம் மூச்சு வந்துச்சு. நீங்களும் சொல்லிப் பாருங்களேன்."

 அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்நாயகி ஓடிவந்தாள். கோட்டுக்கு வெளியே நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"முந்நூறு" என்றான். பிறகு குரலை உயர்த்தி, கூட்டத்துக்கே கேட்கும்படி, "முந்நூறு பொன்! என்னால கட்ட முடியல!" என்றான்.  தையல்நாயகி எட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு..."

"என் வளையலை மெருகு போடக் குடுத்திருக்கேன்னு சொன்னீங்க. ஒரு வருஷமாவா மெருகு போடுவான்? நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

அவள் அங்கே நிற்கவில்லை. நேராக அரண்மனைக்குப் போய் மன்னர் முன் நின்றாள். நடந்ததை அவள் சொல்லக் கேட்டதும் மன்னரின் முகம் கறுத்தது.

"என் அருகில் இருந்துகொண்டே என்னிடம் மறைத்தானா? அம்மா, கோட்டுச் சட்டமும் நான் சொன்னது. மாலை ஆணையும் நான் சொன்னது. என் ஆளுக்காக ஒன்றை உடைத்தால், வெளியே நிற்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பொக்கிஷத்திலிருந்து கொடுத்தாலும் அதே கேள்விதான்."

"கோட்டைத் தாண்டாமல் அவர் சபைக்கு வந்தால்?"

"அது எப்படி முடியும்?" என்றார் மன்னர் வருத்தத்தோடு. "வந்தால், இரண்டு சொல்லும் காப்பாற்றப்பட்டதாக ஏற்றுக்கொள்வேன்."

அவள் திரும்பிவந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் கூட்டத்தில் யாரோ துண்டை விரித்திருந்தார்கள். காசு விழுந்துகொண்டிருந்தது. பூக்காரி கொடுத்தாள், வண்டிக்காரன் கொடுத்தான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது பொன்கூட இல்லை. ஆனால் திருவாழி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். இவ்வளவு நாள் இந்த முகங்களுக்குப் பயந்துதான் சந்து சந்தாக ஓடியிருக்கிறான்.

தையல்நாயகி, மன்னர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். திருவாழி கோட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு தன் பாதத்தை. பிறகு அதன் கீழே இருந்த காய்ந்த களிமண்ணை.

"இருளப்பா, இந்த மண்ணு கெட்டியா?"

"கடப்பாரைக்கே அசையாதுங்க. கொஞ்சம் ஈரம் காட்டினா வெட்டலாம்."

"அப்போ யாரும் எனக்குக் காசு தர வேண்டாம். மண்வெட்டி இருக்கிறவங்க மண்வெட்டி கொண்டுவாங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. இருளப்பனுக்குப் புரிந்தது. அவனால் தன் வட்டத்தைவிட்டு வர முடியாது. ஆனால் அவன் தம்பிமாரும் கூட்டாளிகளும் வெளியே இருந்தார்கள். அவன் நின்ற இடத்திலிருந்தே கத்தினான். "கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வெட்டு! நேரா இறக்காதே, அடி குறுகட்டும்! தண்ணி தெளி, ஊத்தாதே!"

காவலர்கள் ஈட்டியை உயர்த்தினார்கள். திருவாழி கேட்டான்: "கோட்டை யாராவது தொட்டாங்களா?"

"இல்லை."

"கோட்டுக்கு வெளியே குழி வெட்டக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு உண்டா?"

 ஈட்டி இறங்கியது.

வெட்டினார்கள். முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் இறங்கியது. நடுவில் ஒரு களிமண் தூண், அதன்மேல் கோடு, கோட்டுக்குள் திருவாழி. தூணைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கினார்கள். அடியில் ஒரு பக்கம் அறுத்துப் பலகை செருகினார்கள். மறுபக்கம் அறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். மண்ணில் விரிசல் ஓடி, கோட்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது. 

"யாரும் அசையாதீங்க!" என்றான் இருளப்பன். "குழைச்ச மண்ணு அப்பு. இன்னொரு சுத்து கயிறு."

சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பலகைக்கு அடியில் இரண்டு மூங்கில் கொடுத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் நான்கு பேர் முன்னால். "ஏலேலோ" என்று ஒரு மூச்சு. திருவாழி கோட்டோடும் மண்ணோடும் தரையைவிட்டு எழுந்தான்.

தையல்நாயகி பக்கத்திலேயே நடந்தாள். அரண்மனைப் படியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. திருவாழியின் கட்டைவிரல் கோட்டின் விளிம்புவரை சறுக்கிப் போய் நின்றது. கூட்டத்திலிருந்து யார் யாரோ ஓடிவந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள். பலகை நேரானது.

சபையில் விளக்கேற்றுபவன் திரியைக் கையில் எடுத்திருந்தான். சந்திரசூடர் புன்னகையோடு, "மன்னர் பெருமானே, விகடகவி வரவில்லை" என்று சொல்லி முடிக்கவில்லை. வாசலில் மண்ணின் மேல் நின்றபடி ஒரு மனிதன் மிதந்து வந்தான்.

"அடியேன் வந்தேன், மன்னவா! நிற்கும் இடத்தைவிட்டு நகராமலே வந்தேன்."

சந்திரசூடர் குதித்து எழுந்தார். "தாண்டிவிட்டான்! முச்சந்தியில் இட்ட கோட்டைத் தாண்டிவிட்டான்! பாதத்தை வெட்டுங்கள்!"

"ஐயா, நீங்கள் இட்ட கோடு இதோ. என் கால் இதோ. எந்த இடத்தில் தாண்டியிருக்கிறது என்று காட்டுங்கள், நானே நீட்டுகிறேன்."

"தரையையே பெயர்த்துவிட்டாய்!"

"கோட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் சட்டம். கோட்டோடு ஊர் சுற்றக் கூடாது என்று அதில் இல்லையே."

மன்னர் சட்ட ஓலையை எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். காவலர் தலைவன் மண்டியிட்டு, விளக்கைப் பிடித்து, கோட்டைச் சுற்றிலும் பார்த்தான். "எங்கும் கலையவில்லை, பெருமானே."

 அப்போது ஏதோ ஒரு விநோதச் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். தூதர்தான். வாயைப் பொத்தியிருந்தார், தோள்கள் குலுங்கின. பிறகு அடக்க முடியாமல், "எங்கள் நாட்டில் கடனாளி ஓடிப்போவான். இங்கே தரையையே எடுத்துக்கொண்டு வருகிறானே!" என்று வெடித்துச் சிரித்தார்.

மன்னரும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் பார்வை, மூங்கிலைச் சுமந்து நின்றவர்கள்மேல் விழுந்தது. வியர்வை வழிய, தோள் சிவந்து, இன்னும் இறக்கி வைக்காமல் நின்றார்கள்.

"இவர்கள் யார்?"

"கோட்டுக்குள் நிற்பவர்களின் வீட்டார், மன்னவா. இன்னும் எழுபது பேர் கடைத்தெருவில் கோட்டுக்குள் நிற்கிறார்கள். மண்வெட்டி பிடிக்கிறவனைக் கோட்டுக்குள் நிறுத்திவைத்தால் கடன் எப்படித் தீரும்? இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் கடனை மறைக்க நினைத்தேன், அவர்கள் கஷ்டத்தையும் சேர்த்து மறைத்துவிட்டேன்."

 மன்னர் பலகையை இறக்கச் சொல்லி, சந்திரசூடர் கையாலேயே கோட்டை அழிக்கவைத்தார். பாதி விலைக்கு ஓலைகளை வாங்கிய கதையும் அங்கேயே வெளியே வந்தது. கோட்டுச் சட்டம் அன்றிரவே கிழிக்கப்பட்டது. இனி, கையில் வாங்கிய தொகையை மட்டும், சம்பாதித்து, மாதாமாதம் முடிந்த அளவில் கட்டலாம் என்று புது ஓலை எழுதினார்கள். இருளப்பன் வீட்டுக்குப் போனான்.

தூதரிடம் வென்ற பந்தயத்துக்காக மன்னர் திருவாழிக்கு ஐம்பது பொன் கொடுத்தார். அவன் அதை மடியில் முடியக்கூட இல்லை. பக்கத்தில் நீண்டிருந்த சந்திரசூடர் கையிலேயே எண்ணி வைத்தான். "வாங்கிய நூற்றிருபதில் இன்னும் எழுபது. மாதம் இரண்டு பொன்னாகத் தருகிறேன். என்னைத் துரத்த வேண்டாம், நானே பெரிய தெரு வழியாக வருவேன்." மன்னர் மறுபடியும் சிரித்துவிட்டு, தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

வீட்டுக்கு நடக்கும்போது திருவாழி மிச்சம் மீதி எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான். பால்காரனுக்கு ஒன்றரைப் பொன், செருப்புத் தைப்பவனுக்குக் கால் பொன். "அவ்வளவுதான், தையலு. இனி ஒண்ணும் இல்ல."

அவள் நடையைக் குறைத்தாள்.

"எண்ணெய்க்காரிக்கு நான் ரெண்டு பொன் தரணும்" என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சா கவலைப்படுவீங்கன்னு சொல்லல."

திருவாழி நடுத்தெருவில் நின்றான். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவனைச் சிரிக்கவைக்க இன்னொருவர் கிடைத்திருந்தார். விளக்கு வைத்த வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.