ரெண்டு போட்டால் என்ன வரும்?

கணக்கு தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதை என்று சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவர்களும் கேட்கலாம்.

மன்னார்குடியில் அறவாழி என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பேச்சில்கூடச் சிக்கனம். மூன்று பிள்ளைகளுக்கும் அழகழகான பெயர் வைத்துவிட்டு, ஒருநாளும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவன் பூங்குன்றன் 'ஒண்ணு'. மகள் கயல்விழி 'ரெண்டு'. கடைக்குட்டி மதியழகன் 'மூணு'.

வகுப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பின்னத்தைச் சுருக்கும்போது மேலும் கீழும் ஒரே காரணியை அடித்தால், எந்த எண்ணுக்கு அது பூஜ்யமாகுமோ அந்த எண் விலக்கப்பட்டது என்று விடைக்குப் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். எழுதாதவனுக்கு அரை மார்க் போச்சு. "அடிச்சா அடிச்சேன்னு எழுதணும்டா. ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கக் கூடாது" என்பார்.

அந்த 'ரெண்டு', வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்குப் போனாள். வாத்தியார் கொல்லைக் குழாயடியில் தலைமுழுகினார், உயிரோடு இருக்கும் மகளுக்கு! ஊரார் மெச்சினார்கள், மெச்சுவதற்கு ஊருக்கு என்ன நஷ்டம்? அன்று முதல் "ஒண்ணும் மூணும் சாப்பிட வாங்க" என்றுதான் குரல் வரும். அவர் மனைவி தெய்வானை தேங்காய்க் கடையில்கூட 'ஒரு ஜோடி' என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

மதியழகனுக்கு அக்கா என்றால் உயிர். அவனும் கணக்கு வாத்தியாராகத்தான் ஆனான். அக்காவின் நம்பர் அவன் போனில் இருந்தது. கூப்பிட மட்டும் தைரியம் வரவில்லை.

வருஷங்கள் ஓடின. வாத்தியாருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரலையே எடுத்துவிட்டார்கள். பிறகு எல்லாப் பேச்சும் சிலேட்டில்தான். டாக்டர்களும் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியபின், ஒரு காலையில் அவர் இப்படி எழுதினார்:

1/(x − 2) − 4/(x² − 4)

அதன் கீழே: x = 2?

மதியழகன் சிலேட்டை வாங்கினான். x² − 4 என்பதை (x − 2)(x + 2) என்று காரணிப்படுத்தினான். இரு பின்னங்களுக்கும் அதுவே பொதுப் பகுதி. தொகுதியில் x + 2 − 4, அதாவது x − 2 வந்தது. மேலும் கீழும் (x − 2)-ஐ அடித்துவிட்டு, 1/(x + 2) என்று எழுதிக் காட்டினான். அப்பா அந்த விடைக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தை விரலால் தட்டினார். மறுபடியும் தட்டினார். தாகம் போலிருக்கிறது என்று அவன் ஸ்பூனில் தண்ணீர் ஊட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூடத்தில் பேச்சு எழுந்தது.

"ரெண்டு போட்டா கால் வருதுடா" என்றான் பூங்குன்றன். "விடை வருதுல்ல? அவளுக்கும் இங்க இடம் இருக்குன்னு அர்த்தம். போன் போடு."

"அடிச்சதுக்கு அப்புறம் போடக் கூடாதுண்ணே. முதல்ல இருந்த கணக்குல போட்டுப் பாரு, கீழ பூஜ்யம். ரெண்டுக்கு மதிப்பே கிடையாது. அவ வரக் கூடாதுங்கிறாரு." சொன்னவன் மதியழகன்.

"உங்க கணக்கு எனக்குத் தெரியாது" என்றாள் தெய்வானை. "இத்தனை வருஷமா அந்த மனுஷன் வாயில வராத நம்பர் இன்னைக்குக் கையில வந்திருக்கு. அவளை வரச் சொல்லுங்கப்பா."

கணக்கு படித்தவன் பேச்சுதான் எடுபட்டது. அக்காவின் பெயர்வரை போன விரலை மதியழகன் எடுத்துவிட்டான். சாகப் போகிறவர் மனம் நோகக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. மறுநாள் வாத்தியார் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சுருக்கியபின் 2-ஐப் போட்டுக் கால் என்றது பூங்குன்றனின் பிழை. முதல் கணக்கு 2-க்கு மதிப்பில்லாதது. சுருக்கினாலும் அது மாறாது. அந்த மட்டில் மதியழகன் சரி. ஆனால் அவன் விடை முழுசாகவில்லை. பக்கத்தில் 'x ≠ 2' என்று எழுதாமல் விட்டான். கிழவர் தட்டித் தட்டிக் கேட்டது தண்ணீரை அல்ல, அந்த ரெண்டை. விலக்கியதை விலக்கினேன் என்று ஒப்புக்கொண்டு, அவளைத் தன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஆகவே தெய்வானை சொன்னதே சரி.

சிதை எரிந்து முடிந்தபின்தான் இது மதியழகனுக்கு உறைத்தது. அதுவரை திருச்சிக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. அவன் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"தம்பி! அப்பா கூப்பிடச் சொன்னாராடா?" என்றாள் கயல்விழி.