முழங்கை நாடா

"ஒண்ணு உடம்புக்கு ஒக்குது, உள்ள ஒண்ணுமில்ல. இன்னொண்ணுல எல்லாம் இருக்கு, உடம்புக்கு ஒக்கல. எதைத்தான் போட்டுக்கறது, குருவே?"

கேட்டவள் அம்சவேணி. நாற்பத்தாறு வயது. சேந்தமங்கலம் கடைவீதியில் லேடீஸ் டெய்லர். தெருவில் போகிற பெண்ணின் நிழலைப் பார்த்தே பிளவுஸ் வெட்டிவிடுவாள். ஒருமுறை ஒருத்திக்கு அளவெடுத்துக்கொண்டே "ரெட்டைப் பிள்ளை" என்றாள். டாக்டருக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பவளக்கொடி. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், பெண்களுக்கு பைக் ஓட்டச் சொல்லித் தருகிறவள். ஊர் அவளைக் கொண்டை ஊசி என்று கூப்பிட்டது. மலைக்குப் போகிற எழுபது கொண்டை ஊசி வளைவும் அவளைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்பார்கள். அவள் விழுந்த இடத்தில் தாருக்குத்தான் சிராய்ப்பு என்பார்கள்.

வண்டி எடுக்கும் முன்பு, போட்டிருக்கும் ஜாக்கெட்டின் இடது முழங்கைக்கு மேல் ஒரு சிவப்பு நாடாவை இறுக்கிக் கட்டுவாள். வேண்டுதல் என்றார்கள் சிலர். புலி கடித்த இடம் என்றார்கள் சிலர். எந்தப் புலி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாடாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவளும் சொல்லவில்லை. பேசினால் பெட்ரோல் செலவாகும் என்பதுபோலப் பேசுகிறவள்.

அம்சவேணிக்கு 'கண்ணு' என்றுதான் வாய் வரும். கற்றுக்கொடுக்கிறவள் ஆயிற்றே என்று 'குருவே' என்பாள்.

அவசரத்துக்குக் காரணம் ஒரு மீசை.

மீசை அவள் கொழுந்தன் தனசேகரனுடையது. அம்சவேணி ஒரு பழைய முன்னூற்றைம்பது சிசி வண்டியைத் தானே பார்த்து வாங்கி வாசலில் நிறுத்திய அன்று, அவன் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னான்.

"அண்ணி, ஆடிப் பதினெட்டுக்குள்ள எழுபது வளைவும் நீங்களே ஓட்டி ஏறிட்டீங்கன்னா இதை வழிச்சுப் போடறேன். ஏறலைன்னா வண்டி எனக்கு."

"சரி" என்றாள் அம்சவேணி. கடைவீதியே கேட்டது.

இன்னும் பதினோரு நாள்.

"சட்டமா ஹெல்மெட்டு, ஜாக்கெட்டெல்லாம் போட்டுட்டு வந்தாத்தான் மலை" என்று குரு சொல்லியிருந்தாள். அதனால்தான் இரண்டு ரைடிங் ஜாக்கெட்டோடு வந்து நிற்கிறாள்.

குரு இரண்டையும் பார்க்கவில்லை.

"ஹெல்மெட்டைப் போடுங்கக்கா."

போட்டாள். குரு அதன் தாடையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். அம்சவேணியின் மூக்கு நேரே இருந்தது. ஹெல்மெட் மட்டும் பக்கத்துப் பெட்டிக்கடையைப் பார்த்தது.

"என்ன தெரியுது?"

"இருட்டு."

"ரோடு?"

ஹெல்மெட்டுக்குள் தலை மட்டும் இல்லையென்று ஆடியது.

"தலைக்கு வாங்கினீங்களா, கொண்டைக்கு வாங்கினீங்களா?"

அம்சவேணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளேயிருந்து கனகாம்பரம் நாலு உதிர்ந்தது. கொண்டைக்கு இடம் வேண்டுமே என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கியதுதான்.

மறுநாள் பின்னலைக் கழுத்தோடு தாழப் போட்டு, வேறு ஹெல்மெட்டில் வந்தாள். இரண்டு கன்னத்திலும் பக்கத்துக்கு ஒரு போண்டா அடக்கிய மாதிரி இருந்தது.

"ஏதாச்சும் பேசுங்கக்கா."

"பேஷ முழியல, குழுவே."

"இதான் அளவு. எனக்கும் நிம்மதி."

பிறகு ஜாக்கெட்டுக்கு வந்தார்கள்.

முதலாவது ரோஸ் நிறம். லேடீஸ் மாடல் என்று கடைக்காரன் சத்தியம் செய்தது. இடுப்பில், மார்பில் வார்த்தது போல் உட்கார்ந்தது. குரு அதன் முழங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் மறுபக்கம் வந்துவிடும் போல் போனது.

"இட்லி" என்றாள்.

இரண்டாவது கறுப்பு. ஆண்கள் மாடல். தோள், முதுகு, முழங்கை எல்லா இடத்திலும் உள்ளே கவசத் தட்டு. தட்டினால் கதவு தட்டின சத்தம். ஆனால் உள்ளே இன்னொரு அம்சவேணி குடியிருக்கலாம்.

"தாராளமா இருக்குதுங்க. காத்தும் போகும்."

"வண்டி மேல உட்காருங்க. கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிங்க."

உட்கார்ந்தாள். பிடித்தாள். குரு இரண்டே விரலால் முழங்கைத் தட்டைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு கையின் உள்பக்கம் போய் ஒளிந்துகொண்டது.

"விழுந்தா எந்தப் பக்கம் அடி படும்?"

"அது எப்படீங் முன்னாடியே தெரியும்?"

"தட்டுக்குத் தெரியுது. அந்தப் பக்கத்தை விட்டுட்டு ஓடுது பாருங்க."

அம்சவேணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாமக்கல்ல தேடியாச்சு, சேலத்துல தேடியாச்சு. 'பொம்பளைங்களுக்கு இவ்வளவுதாம்மா வருது'ன்னு கையை விரிச்சுட்டாங்க. நான் என்ன, உடம்பையா மாத்திக்க முடியும்? நீங்க என்னத்தைப் போட்டுக்கறீங்க, சொல்லுங்க!"

குரு தன் முழங்கை நாடாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரம் கூப்பிடவே இல்லை. தனசேகரன் தினமும் கடை வாசலில் வந்து வண்டியின் சீட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். அம்சவேணி அவன் போனதும் ஈரத்துணியால் துடைத்தாள்.

எட்டாம் நாள் குருவே கடைக்கு வந்தாள். கையில் ஒரு பிளவுஸ் துணி.

"இதைத் தைச்சுக் குடுங்கக்கா. அவசரம்."

"அளவு பிளவுஸ் எங்க?"

"எங்கண்ணன் சட்டை இருக்கு. அந்த அளவுக்கே தைச்சிடுங்க. கை நீளமா வந்தா மடிச்சு விட்டுக்கறேன்."

"என்னது?"

"தோள் இறங்கினா ஊக்கு குத்திக்கலாம். தாராளமாத்தான் இருக்கட்டுமே, காத்தும் போகும்."

அம்சவேணி துணியைத் தூக்கி எறிந்தாள். அது மின்விசிறியில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது.

"இருபத்திரண்டு வருஷமா கத்தரி பிடிக்கிறேன்! அக்குள்ல அரை விரக்கடை தப்பினாக்கூடப் பிரிச்சுத் தைச்சுத்தான் குடுத்திருக்கேன். ஆம்பளைச் சட்டையை அளவு வெச்சுப் பொம்பளை உடம்புக்குத் தைக்கச் சொல்றியே, கண்ணு, நீயெல்லாம் எனக்குக் குரு! கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான், உடம்பு யாரோடது? அந்தத் துணியை நான் தொட்..."

நிறுத்தினாள்.

குரு அவளைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கறுப்பு ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கீழே கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி" என்றாள், திரும்பாமல்.

அம்சவேணி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். கறுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு, வண்டி மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டினாள். முழங்கை எங்கே மடங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்தாள். முழங்கைத் தட்டு குடியிருந்த பையை நான்கு விரக்கடை மேலே ஏற்றினாள். கையின் சுற்றளவைப் பிடித்துக் குறைத்தாள். இடுப்பில் இரண்டு பட்டை வைத்து இழுத்தாள். வெளிப்பக்கத்து மூன்று வரித் தையலை மட்டும் தொடவில்லை. அதைப் போட்டவன் தொழில் தெரிந்தவன் என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்று ஊசி உடைந்தது. நாலாவது ஊசி பயந்துபோய் ஒழுங்காக வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை குரு இரண்டு விரலால் அந்தத் தட்டைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு ஐந்து விரலால் தள்ளிப் பார்த்தாள். அது, போய் வேறு வேலையைப் பாரு என்று சொல்லாமல் சொன்னது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

ஐம்பது வளைவு வரை அம்சவேணி ஏறினாள் என்று சொல்லக்கூடாது. மலை இறங்கி வந்து வழிவிட்டது.

ஐம்பத்தோராவது வளைவில் ஈரச்சருகு கிடந்தது.

பின்சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போனது. வண்டி படுத்தது. அம்சவேணி இடது முழங்கையால் பத்தடி தூரம் ரோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டு போய், மைல்கல்லுக்கு முன்னால் கிடந்தாள்.

பின்னால் வந்த குரு தன் வண்டியை நிறுத்தி ஓடி வந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா! அடி எங்க?"

அம்சவேணி எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். துணி தேய்ந்திருந்தது. உள்ளே தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குள்ளே முழங்கையும் அப்படியே இருந்தது.

"தையல் பிரியல" என்றாள்.

"அடி எங்கன்னு கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன்."

குரு அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

"இன்னும் எத்தனை?" என்று கேட்டாள் கடைசியில்.

"பத்தொன்பது."

ஏறினார்கள். எழுபதாவது வளைவின் பலகையோடு நின்று எடுத்த படம் உடனே சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மீசைக்குச் சாயங்காலம் வரைதான் ஆயுள்.

மலை மேலே, செம்மேட்டில் டீ குடித்தார்கள். குரு டம்ளரைக் கீழே வைத்தாள். முழங்கையிலிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்தாள்.

ஜாக்கெட்டுக்குள் இருந்த தட்டு மெதுவாக நழுவி, மணிக்கட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தது.

அம்சவேணி தட்டைப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள். புலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

குரு ஜாக்கெட்டைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க" என்றாள் அம்சவேணி. பையிலிருந்து அளவு டேப்பை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"வண்டி மேல உட்காருங்க, குருவே. கையை நீட்டுங்க."