பிரேக்குக்கு எண்ணெய் பூசியவர்

அந்தக் காலத்தில், வண்டி வாகனமெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைமேல் ஓர் ஊரில் மாசிலாமணி என்று ஒருவர் வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சும்மா கார் இல்லை, வாயாடிக் கார். கதவு, "மெதுவா சாத்தினா கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்கும். தூறல் விழுந்தால் போதும், வைப்பர் முனக ஆரம்பித்துவிடும். ஹாரனுக்கோ எதிரே வருகிறவர்களிடமெல்லாம் ஊர்க்கதை பேசியாக வேண்டும். நாள் முழுக்க இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மூன்று மாதப் பேரன் அழுதுகொண்டிருப்பான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பவளத்தின் பிள்ளை அவன். பாவம் மனுஷன், கண்ணயர்ந்து எத்தனை நாளாயிற்றோ!

அந்தக் காரில் அதிகம் பேசாதது பிரேக் ஒன்றுதான். ஒரு நாள் அதுவும் வாயைத் திறந்தது.

"அண்ணே, நான் தேஞ்சுட்டேன்."

"எல்லாரும்தான் தேஞ்சு போயிருக்கோம். பேசாம வா" என்றார் மாசிலாமணி.

அது விடவில்லை. வளைவுக்கு வளைவு, அவர் காலை வைத்ததும் "தேஞ்சுட்டேன், தேஞ்சுட்டேன்" என்றது. ஒரு வாரம் இதே பாட்டு. மறுநாள் காலையில் பவளத்தையும் பிள்ளையையும் அடிவாரத்தில் இருக்கும் அவள் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். நல்ல நேரம்கூடக் குறித்தாயிற்று. இந்தப் புலம்பலோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? மத்தியானம் சாப்பிட்ட கையோடு காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினார்.

உள்ளே தூசி அப்பியிருந்தது. ஊதித் துடைத்தார்.

"தூசியால இல்லண்ணே" என்றது பிரேக்.

இடுக்கில் ஒரு பொடிக்கல் மாட்டியிருந்தது. நெம்பி எடுத்தார்.

"கல்லாலயும் இல்லண்ணே."

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் வழவழவென்று மினுங்கியது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார்.

"ஐயோ, இருக்கிற கொஞ்சத்தையும் தேய்க்கிறீங்களே! நகத்தளவுகூட மிச்சமில்ல. நாளைக்குப் பச்சப்பிள்ளைய வெச்சுக்கிட்டு இறக்கத்துல போகணும். புது லைனிங் போட்டுடுங்கண்ணே."

சொன்னது நியாயம்தான். பார்த்தாலே தெரிந்தது. ஆனால் லைனிங் வாங்க அடிவாரத்துக் கடைக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் இறங்கி, மறுபடி ஏறி... நினைக்கும்போதே அவருக்கு உடம்பு வலித்தது. நாளைக்கு எப்படியும் கீழே போகிறோம், அங்கேயே மாற்றிக்கொண்டால் போயிற்று என்று மனசு ஒரு சாக்கைக் கண்டுபிடித்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பேரன் வீறிட்டான். மாசிலாமணியின் மனைவி ராக்கம்மா விளக்கெண்ணெயைத் தொட்டு அவன் தொப்புளைச் சுற்றித் தடவினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகை அடங்கித் தூங்கிப் போனான். மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

"வேண்டாம்ணே! எண்ணெய் பட்டா என்னால பிடிக்க முடியாது. கதவுக்குப் போடுங்க, அதுக்கு நல்லது. எனக்கு மட்டும்..."

"வாயை மூடுறியா! மனுஷனுக்குக் கொஞ்சம் நிம்மதி வேணாமா?" என்று கத்திவிட்டு, எண்ணெயை வழித்து லைனிங் முழுக்கப் பூசினார். மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றி அங்கேயும் பூசினார். பேசிக்கொண்டிருந்த வாயில் எண்ணெய் போனதும் பிரேக் அடங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

காலையில் புறப்பட்டார்கள். ராக்கம்மாவும், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பவளமும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க இது, பிரேக் இன்னிக்கு இவ்வளவு சாதுவா வருது?" என்றாள் ராக்கம்மா.

"எல்லாம் கைவைத்தியம்தான்" என்று மாசிலாமணி சிரித்தார்.

முதல் இரண்டு வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வளைவில் அடிவரை மிதித்தும் கார் கேட்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் போதவில்லை. எதிரே சாலை திரும்பியது. திரும்பும் இடத்துக்கு அப்பால் பள்ளம்.

"அப்பா!" என்று அலறிப் பவளம் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"பிடிடா! என்னடா ஆச்சு உனக்கு? பேசுடா!" என்று பிரேக்கிடம் கெஞ்சினார் மாசிலாமணி. பதில் வரவில்லை.

பிரேக் என்ன செய்தது தெரியுமா? எண்ணெயில் ஊறிய லைனிங்கை உதறிப்போட்டுவிட்டு, வெறும் இரும்போடு போய்ச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்தது. ஓடுகிற சக்கரத்தில் உரசி அது செக்கச்செவேலென்று சிவந்தது. வலி தாங்காமல் "அண்ணே" என்றுதான் கூப்பிட நினைத்தது. எண்ணெய் அடைத்த வாயில் வார்த்தை வரவில்லை, கீச்சென்று ஓர் அலறல்தான் வந்தது. மலை முழுக்கக் கேட்டது அந்த அலறல். பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

பேரன் விழித்துக்கொண்டு அழுதான். ராக்கம்மா தட்டிக்கொடுக்கப் போனாள். "அழட்டும் விடு, கேட்டுக்கிட்டு இருக்கலாம்" என்றார் மாசிலாமணி.

இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன்டா. ஒரே ஒரு வார்த்தை பேசு. திட்டவாவது செய்" என்று அழுதார். புகைதான் வந்தது. பிறகு புது லைனிங் போட்டார், தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதன் கதியைப் பார்த்த கதவும் வைப்பரும் ஹாரனும், நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டன; மூடுமுன் ஹாரன் எதிரே வந்த வண்டிகளிடமெல்லாம் இதைச் சொல்லிவைத்தது. கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று முதல்தான் எந்த வண்டியும் மனிதரோடு பேசுவதில்லை. பிரேக் மட்டும் தேய்ந்து தீரப்போகிற சமயத்தில், சொல்ல வார்த்தையில்லாமல் கீச்சிட்டுக் கீச்சிட்டுக் கூப்பிடுகிறது. நாமும் களைத்துப்போய் வருகிறவர்கள்தானே, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.