ஸ்டியரிங் எந்தப் பக்கம்

சிங்காநல்லூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்து நான்கு. ஆசிரமம் என்று ஒன்றும் கிடையாது, தகரக் கூரை போட்ட டிங்கரிங் பட்டறைதான். நசுங்கிய கார்கள் உள்ளே போகும், நிமிர்ந்து வெளியே வரும்.

குருவின் பெயர் கோகிலவாணி. காரின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாலே எங்கே பள்ளம், எங்கே யாரோ பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். பேச்சு குறைவு. எதையாவது கேட்டால் பதிலுக்கு ஒரு வேலையைக் கொடுப்பார். வேலை முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்குக் கேள்வி மறந்துவிடும்.

சீடர் நாச்சிமுத்துவுக்கு மட்டும் மறக்கவில்லை. பஞ்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவர். ஒரு நட்டு கழன்றால் சத்தத்தை வைத்தே எந்த மிஷின் என்று சொன்ன ஆள். அவ்வளவு சீக்கிரம் எதையும் விட்டுவிடுகிறவர் அல்ல.

ஆலையை மூடியபோது கிடங்கில் கழிவுப் பஞ்சுக்கு அடியில் ஒரு கார் கிடந்தது. முதலாளி வீட்டுப் பையன் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. எட்டு சிலிண்டர், ஆள் நீளத்துக்கு இரண்டே இரண்டு கதவுகள், கட்டுமஸ்தான உடம்பு. அந்த ஊரில் இதற்கு மஸல் கார் என்று பெயராம். பழைய இரும்பாகப் போக இருந்ததை நாச்சிமுத்து வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

வண்டி பிறந்தபோது ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. இங்கே வந்த சில வருஷத்தில் எந்தப் பட்டறையிலோ கொடுத்து, தரையை வெட்டி, டேஷ்போர்டைத் திருப்பி, வலப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். வேலை சுத்தமான வேலைதான். இப்போது வண்டியைப் புதுப்பிக்கும்போது ஸ்டியரிங்கைப் பழையபடி இடப்பக்கம் கொண்டுபோவதா, மாற்றியது மாற்றியபடியே விடுவதா?

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பழைய கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவர் இருந்தார். பாதிப் பேர், கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படி இருந்தால்தான் அது வண்டி, மற்றதெல்லாம் வேஷம் என்றார்கள். மீதிப் பேர், நம்ம ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு பஸ்ஸை எப்படி முந்துவீர்கள் என்று கேட்டார்கள். இண்டிகேட்டர் சரியாக எரிந்தால் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியையும் ஓட்டலாம் என்று நாச்சிமுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போய் விசாரித்து வைத்திருந்தார். பேட்டரி போட்டாற்போல இரண்டு பக்கமும் தினமும் புது வாதம் பிறந்துகொண்டே இருந்தது.

இரண்டு தடவை முடிவெடுத்தும்விட்டார். முதல் தடவை, ஒரிஜினல்தான் என்று டேஷ்போர்டைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டார். அடுத்த மாதம் மனது மாறிப்போய் அதே கடையில் குப்பைக்குள் இறங்கித் தேடி எடுத்து வந்தார். இரண்டாம் தடவை, இருப்பது இருக்கட்டும் என்றார். பதினைந்து நாள் கழித்து அமெரிக்காவிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்றை வரவழைத்தார். அது கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கிறது. அதற்காகவும் இன்னும் சில சாமான்களுக்காகவும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சின்னக் காரை விற்றார். ஓடுகிற காரை விற்று ஓடாத காருக்குச் சாமான் வாங்கிய மனிதரை என்னவென்று சொல்வது?

ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சுலோச்சனாவும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டியை வாணியின் பட்டறைக்கு இழுத்து வந்தார். வேலையைத் தானே கற்றுக்கொண்டு தானே செய்ய வேண்டும் என்று ஆசை. வாணி சேர்த்துக்கொண்டார். ஆலை வழக்கப்படி நாச்சிமுத்து அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். முதல் நாளே கேள்வியையும் கேட்டார். வாணி உப்புத்தாளைக் கையில் கொடுத்து வலது கதவைக் காட்டினார். அடுத்த மாதம் கேட்டபோது இடது கதவைக் காட்டினார். அதற்கப்புறம் கூரை, டிக்கி, பானெட் என்று வண்டி முழுக்கத் தேய்த்தாகிவிட்டது.

இப்போது தேய்க்க இடம் பாக்கியில்லை. வருகிற திங்கட்கிழமை பெயிண்ட். பெயிண்ட் அடித்த பிறகு தரையையும் டேஷ்போர்டையும் வெட்ட முடியாது. எந்தப் பக்கம் என்று அதற்குள் சொல்லியாக வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. நாச்சிமுத்து காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அலுப்பு. உடம்பு அலுப்பு ஒரு தூக்கத்தில் போய்விடும், இது எத்தனை தூங்கினாலும் காலையில் எழுந்ததும் கூடவே எழுந்தது. வண்டியைப் பார்த்தால் முன்பு வயிற்றுக்குள் ஒரு துள்ளல் இருக்கும். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாராவது வந்து ஒரு பக்கத்தைக் கை காட்டிவிட்டுப் போனால் காலில் விழலாம் போலிருந்தது.

"மாஸ்டர், எனக்கு முடியல. இன்னைக்கு நீங்க சொல்லீருங்க. எதைச் சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றார்.

வாணி ஒரு டெம்போவின் மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியலை நிறுத்தவில்லை.

"இருங்கண்ணா, வர்றேன்" என்றார்.

பன்னிரண்டரை மணிக்குப் பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுலோச்சனா இறங்கினார். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷமாகிறது. திங்களும் வியாழனும் காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே அனுப்புவார்கள். முதல் மூன்று மாதம் நாச்சிமுத்து கூடவே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு சுலோச்சனாவே, நீங்கள் எதற்கு அங்கே உட்கார்ந்து செல்போனில் காரைப் பார்த்துக்கொண்டு, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதில் நாச்சிமுத்துவுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊசி ஏற்றுவதற்காகச் சுலோச்சனாவின் ஒரு கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கையைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அது கெட்டால் அடுத்து ஊசி போட இடம் தேடி அலைய வேண்டும். நாச்சிமுத்து வீட்டுக்கு வந்ததும் ஆலையில் நோட்டீஸ் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. அந்தக் கையால் எதையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. அந்தக் கையை அழுத்திப் படுக்கக் கூடாது. எழுத்து அழகாக இருந்தது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

"வீட்டுச் சாவி உங்க பையிலயே போயிருச்சுங்க. அதான் ஆட்டோவை இப்படித் திருப்பச் சொன்னேன்" என்றார் சுலோச்சனா.

முகம் வெளுத்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்தார். வாணி தண்ணீர் கொடுத்தார். இரண்டு மடக்குதான் குடித்தார், டாக்டர் வைத்த அளவு அவ்வளவுதான். பிறகு காரைப் பார்த்தார். பெயிண்ட் இல்லாமல், சீட் இல்லாமல், ஆனாலும் பள்ளமில்லாமல் நின்றது வண்டி.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. உள்ள உக்காரலாமாங்க?" என்று கேட்டார்.

வண்டி ஓட ஆரம்பித்தால் ஒரே ஒரு நாளாவது ஆஸ்பத்திரிக்கு அதில் கூட்டிப்போக வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது ஒவ்வொரு குழியிலும் தலை சுற்றுகிறது என்றார். ஆகட்டும், ஸ்டியரிங் ஒன்று மட்டும் முடிவாகட்டும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு சுலோச்சனா கேட்கவில்லை.

வாணி பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வண்டிக்குள் போட்டு அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். நாச்சிமுத்து பானெட்டைத் தூக்கி நிறுத்தி, எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினார்கள், திரும்பவும் மாற்றுவதென்றால் ராடு எந்த வழியாக வரும் என்று விளக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் விளக்கினார். உள்ளிருந்து உம் என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு சுலோச்சனா இறங்கப் பார்த்தார். நீளக் கதவு, கனம். கைப்பிடியைத் திருப்பியும் கதவு அசையவில்லை. உடம்பையே திருப்பி முதுகால் தள்ளிப் பார்த்தார். வாணி சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்து, அவர் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டார். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நாச்சிமுத்துவுக்குக் கீல் கிரீச்சிட்டது மட்டும்தான் கேட்டது. கிரீஸ் வைக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

"வெயிலா இருக்குது, நேரத்துல சாப்பிட வந்துருங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு சுலோச்சனா ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ வளைவு திரும்பியது. நாச்சிமுத்து வாணியிடம் வந்தார்.

"இப்பச் சொல்லுங்க மாஸ்டர். ஒரிஜினலா, மாத்துனதா?"

வாணி இன்னொரு ஸ்டூலை எடுத்து வந்து வண்டிக்குள் மறுபக்கமும் போட்டார். இரண்டு கதவுகளுக்கும் பக்கத்தில் இப்போது ஒவ்வொரு ஸ்டூல்.

"இடப்பக்கம் உக்காருங்கண்ணா. நீங்க ஓட்டறவரில்லீங்க. கூட வர்றவரு. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்குதுன்னு வச்சுக்கங்க."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இந்த வண்டிக்குள் கூட வருகிறவராக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாணி கதவைச் சாத்தினார்.

"திறந்து இறங்குங்க."

திறந்தார். பாதியில் கதவு திரும்பி வந்து மோதியது. இன்னொரு தடவை ஓங்கித் தள்ளி இறங்கினார்.

"இப்ப வலப்பக்கம். ஸ்டியரிங் இடப்பக்கம் போயிருச்சு."

அதற்கும் உட்கார்ந்து, தள்ளி, இறங்கினார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் கையிலங்கண்ணா பாரம் விழுந்துச்சு?"

"இதென்ன மாஸ்டர், அந்தப் பக்கம் உக்காந்தா இடது கை. இந்தப் பக்கம் உக்காந்தா வலது கை. கதவு எந்தப் பக்கமோ அந்தக் கை."

"அப்ப, ஸ்டியரிங்கை ஒரிஜினலா வச்சா கூட வர்றவங்களுக்கு வலது கை. மாத்துனதை விட்டுட்டா இடது கை. சரிங்களா?"

"சரி."

வாணி கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக ஒரே கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"எந்தப் பக்கம்னு நான் சொல்லிர்றேனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. அக்காவுக்கு ஊசி போடற கை எது?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

எஞ்சின் நம்பர் அவருக்கு மனப்பாடம். கார்புரேட்டரின் நம்பரும், கதவுக் கீலில் எத்தனை போல்ட் என்பதும் மனப்பாடம். ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்துப் பார்த்தார். மிஷின் ஜன்னல் பக்கம் நின்றது. ஜன்னல் எந்தப் பக்கம்? நேற்று காலை காப்பித் தம்ளரை நீட்டிய கையை நினைத்துப் பார்த்தார். தம்ளர்தான் வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதம் ஞாபகம் வந்தது. அதில் வரிக்கு வரி எழுதியிருந்ததெல்லாம் அந்தக் கை, அந்தக் கை என்றுதான். இவ்வளவு வெட்கம் அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.

தன்னுடைய இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மாதிரி கறுப்பாகக் கிரீஸ் படிந்திருந்தது.

வாணி குனிந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"வண்டி இங்கதான் நிக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க."