ஷூ பெட்டிக்குள் ஓடிய ரயில்

பேச்சிக்குளத்து ஆட்களைப் பற்றி வெளியூரில் பல மாதிரி சொல்வார்கள். நம்ப வேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள், அவ்வளவுதான். வாசகசாலைச் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதிப் போட்ட நாளிலிருந்து இரண்டு பேர் முறை வைத்து வாசலில் நின்று அதைக் காவல் காத்து வருகிறார்கள். இதுவரை திருட்டுப் போனதில்லை.

அந்த வாசகசாலையின் பின்னறையில்தான் பேச்சிக்குளம் குட்டி ரயில் சங்கம் நடந்தது. மேஜை மேல் விரல் நீள ரயிலை ஓட்டிப் பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. சங்கத்தில் நான்கு பேர். தலைவர் ஆவுடையப்பன், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி மூடியவர். கோமதிநாயகம் ஹோமியோபதி மருந்துக்காரர். சின்ன உருண்டைகளோடு பழகியவர் என்பதால் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தைரியநாதன் தையற்காரர். செண்பகவடிவு வளையல் கடைக்காரி. நால்வரில் யோசிக்கிற வேலை அவளுடையது.

ஒருநாள் வாசகசாலைத் தலைவர் பொன்னுத்துரை வந்து நின்றார்.

“கேரம் ஆடுற பையன்கள் இந்த அறையைக் கேக்கிறாங்க. மாவட்டக் கண்காட்சியில ஒரு பரிசு வாங்கிட்டு வாங்க, அறை உங்களுக்கு. கோப்பை என் மேஜைக்கு வரலைன்னா அறை அவங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நால்வருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அந்த அறையை விட்டால் ரயிலை வைக்க ஊரில் வேறு இடம் கிடையாது. அவரவர் வீட்டில் ஏற்கெனவே வைத்துப் பார்த்துத் திட்டு வாங்கியாயிற்று.

ஆவுடையப்பன் கண்காட்சிச் செயலாளருக்குப் போன் போட்டார். சௌந்தரநாயகி என்று ஒரு அம்மாள், நடுவரும் அவரேதான்.

“மிகச் சிறிய ரயில் அமைப்புன்னு ஒரு பிரிவு இருக்கு சார்” என்றார் அந்த அம்மாள். “மொத்தமும் ஒரு ஷூ பெட்டிக்குள்ள அடங்கணும். எவ்வளவு சின்னதா இருக்கோ அவ்வளவு நல்லது.”

போனை வைத்ததும் கூட்டம் கூடியது.

“ஷூ பெட்டின்னா யாரோட ஷூ?” என்று கேட்டார் கோமதிநாயகம். நியாயமான கேள்வி. எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

“ஊரிலேயே பெரிய கால் யாருக்கு இருக்கோ, அவரோட ஷூ” என்றாள் செண்பகவடிவு. “பெட்டி பெருசா கிடைக்கும்ல?”

தைரியநாதன் அளவு நாடாவோடு தெருத்தெருவாகப் போனார். அவர் தையற்காரர் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காலை நீட்டிவிட்டு, “கை கொஞ்சம் லூசா வையும்” என்று மட்டும் சொன்னார்கள். கடைசியில் ரைஸ் மில் மலையரசன் கால்தான் ஜெயித்தது. முறத்தில் பாதி இருக்கும். ஆனால் மலையரசன் பிறந்ததிலிருந்து செருப்பே போட்டதில்லை. அந்த அளவில் யார் செய்வார்கள்?

சங்கம் பின்வாங்கவில்லை. டவுனில் சொல்லிவைத்துத் தைத்து வாங்கினார்கள். கறுப்பு ஷூ, பளபளவென்று, தொட்டில் போன்ற பெட்டியோடு வந்தது. மலையரசன் ஆனந்தமாகக் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஆவுடையப்பன் மூடியைத் திறந்து ஷூவை எடுக்கப் போனார்.

“அண்ணாச்சி, எடுக்காதீங்க!” என்று கத்தினாள் செண்பகவடிவு. “ஷூ இருந்தாத்தானே அது ஷூ பெட்டி? எடுத்துட்டா வெறும் பெட்டி. வெறும் பெட்டிக்குள்ள கொண்டுபோனா நம்மளைச் சேர்த்துக்க மாட்டாங்க.”

நால்வருக்கும் வியர்த்துவிட்டது. எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பியிருக்கிறோம்!

ஆகவே ஷூ இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மிச்சமிருந்த இடுக்கில் தண்டவாளம் போட்டார்கள். வலது ஷூவுக்குப் பச்சைத் தூள் தூவி மலை என்று பெயர் வைத்தார்கள். இடது ஷூ குகை. ரயில் கணுக்கால் வழியாக உள்ளே போகும். முதல் தடவை போனது திரும்பி வரவில்லை.

“உள்ளேயே ஸ்டேஷன் இருக்கோ என்னவோ” என்றார் கோமதிநாயகம்.

கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, தைரியநாதன் கத்தரிக்கோலால் பெருவிரல் இருக்கிற இடத்தில் வட்டமாக ஒரு துளை போட்டார். ரயில் வெளியே வந்தது. மலையரசன் ஒரு சத்தம் போட்டான்.

“எப்பய்யா என் ஷூவைத் தருவீங்க?”

“அது இப்ப ஷூ இல்லப்பா, மலை” என்றார் ஆவுடையப்பன்.

“ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கேன்.”

“மலைக்குள்ள காலை விடுறதா? ரயில் வர்ற நேரத்துல?”

மலையரசனும் பேச்சிக்குளத்துக்காரன்தான். ரயில் என்றதும் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

பிறகு தீக்குச்சியில் ஒரு ரயில்வே கேட் செய்து வைத்தார்கள். கேட் கீப்பர் வேலை கோமதிநாயகத்துக்கு. ரயிலோடு வந்த துண்டுச் சீட்டில் ‘கேட் மூடியிருக்கும்போது பாதையைக் கடக்கக் கூடாது’ என்று போட்டிருந்தது. இதில்தான் ஒரு சாயங்காலம் சிக்கல் வந்தது.

ரயில் கிளம்பியது, கேட் மூடியது, கரண்ட் போயிற்று. ரயில் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து டீ வந்தது. டீ மேஜைக்கு அந்தப் பக்கம். ஆவுடையப்பன் இந்தப் பக்கம், தனியாக.

“தம்பி, அந்த கிளாஸை இப்படி நீட்டும்” என்றார் ஆவுடையப்பன்.

“எப்படி அண்ணாச்சி? கேட் மூடியிருக்கே” என்றார் தைரியநாதன்.

“கோமதி, திறவும்.”

“ரயில் போகாம கேட்டைத் திறந்தா என் வேலை போயிரும். எனக்கும் குடும்பம் இருக்கு.”

“மேஜையைச் சுத்திக் கொண்டாரேன்” என்று எழுந்தார் தைரியநாதன்.

“தண்டவாளம் பெட்டிக்குள்ள சுத்திச் சுத்தித்தானே போகுது? எந்தப் பக்கம் போனாலும் தண்டவாளம்தான்” என்றாள் செண்பகவடிவு. “ஊர்க் கேட் வழியாப் போய்க் கடந்து வாங்க. அதுதான் முறை.”

தைரியநாதன் டீயை ஏந்திக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் நிஜ ரயில்வே கேட்டுக்குப் போனார். அதுவும் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய் முடியும் வரை நின்று, கடந்து, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி கடந்து, பின்வாசல் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். டீயில் ஆடை கட்டியிருந்தது. ஆவுடையப்பனைக் காணோம். இதற்குள் கரண்ட் வந்து, ரயில் போய், கேட் திறந்து, அவர் டீ குடிக்க அந்தப் பக்கம் போய்விட்டார். அடுத்த ரயிலுக்குக் கேட் மூடியாயிற்று.

“அங்கேயே இரும்” என்று கத்தினார் ஆவுடையப்பன். “நான் ஊர்க் கேட் வழியா வாரேன்.”

இப்படியாகக் கண்காட்சி நாளும் வந்தது.

பெட்டியை ஒரு மேஜையில் வைத்துவிட்டு நால்வரும் கைகட்டி நின்றார்கள். சௌந்தரநாயகி அம்மாள் வந்தார். ஷூவைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, அனுபவசாலி. ரயில் பெருவிரல் வழியாக வெளியே வந்தபோது மட்டும் கொஞ்சம் முகம் மலர்ந்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

செண்பகவடிவு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ரயில் எருமை மாதிரி வந்துகொண்டிருந்தது.

“அம்மா, எடுங்க! பெருசாகுது!”

“என்னம்மா ஆகுது?”

“ரயில் பெருசாகுது! இப்படியே போனா பெட்டிக்குள்ள அடங்காது. நாங்க அளவு பார்த்துச் செஞ்சது.”

ஆவுடையப்பன் பாய்ந்து பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார், வெடித்துவிடாமல் இருக்க. அம்மாள் பயந்து இரண்டு எட்டு பின்னால் போனார்.

“ஆங், இப்ப பரவாயில்ல” என்றார் தைரியநாதன். “இப்ப எப்படித் தெரியுது?”

“கொஞ்சம் சின்னதா...”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசுக்கு வழி பிறந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா.”

அம்மாள் கூடத்தின் நடுவுக்குப் போனார். அங்கிருந்து வாசலுக்கு. கோமதிநாயகம் கூடவே போய், “பாத்து, படி இருக்கு” என்று கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். தெருவைத் தாண்டி ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தியதும், இங்கிருந்து ஆவுடையப்பன் கையைக் குவித்துக் கத்தினார்.

“இப்ப என்ன தெரியுது?”

“ஒண்ணுமே தெரியல!” என்று கத்தினார் அம்மாள்.

“கேட்டீங்களா?” என்று ஆவுடையப்பன் கூடத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார். “கண்ணுக்கே தெரியாத ரயில். இதைவிடச் சின்னதா ஒருத்தன் செய்ய முடியுமா?”

அந்தப் பிரிவுக்கு வந்திருந்ததே இவர்களுடையது ஒன்றுதான் என்று சொல்லத்தான் அம்மாள் ஆரம்பத்திலிருந்து வாயெடுத்தார். யாரும் சொல்ல விடவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு மோர் வாங்கிக் குடிக்கப் போய்விட்டார்.

நால்வரும் கோப்பையோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பிளாட்பாரத்தில் ஆவுடையப்பன் கோப்பையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னறை பிழைத்தது. எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது.

அப்போது செண்பகவடிவு தண்டவாளத்தின் கடைசியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

“அண்ணாச்சி, அங்க பாருங்க. ஒரு ரயில்.”

தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

“கடுகு அளவுகூட இல்லையே” என்றார் கோமதிநாயகம். “நம்மளது விரல் நீளம் இருக்கும்.”

“அப்ப பரிசு அதுக்குத்தானே?” என்றார் தைரியநாதன்.

பேச்சிக்குளத்துக்காரர்கள் வேறு எப்படி இருந்தாலும் அடுத்தவர் பரிசை அமுக்குகிறவர்கள் இல்லை. ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வரட்டும். கொடுத்திருவோம்.”

ரயில் வந்தது. வர வரப் பெரிதானது. பிளாட்பாரம் அதிர வந்து நின்றபோது இன்ஜின் ஒரு வீடு அளவுக்கு இருந்தது.

“யாரோ கண்ணாடி வச்சுட்டாங்க!” என்று துள்ளினாள் செண்பகவடிவு. நால்வரும் அண்ணாந்து வானத்தில் தேடினார்கள். “எப்படியோ, அது தோத்துப் போச்சு. கோப்பை நமக்குத்தான்!”

“ஆனா தோத்த ரயிலுக்குள்ள ஜெயிச்ச நாம ஏறலாமா? அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?” என்றார் கோமதிநாயகம்.

இதைப் பற்றி அவர்கள் ஆழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே ரயில் ஊதிவிட்டுக் கிளம்பியது. இன்ஜின் தூரத்தில் போகப் போகக் குறுகியது.

“போச்சு! மறுபடியும் சின்னதாகுது! ஜெயிச்சிருச்சு!”

ஆவுடையப்பன் ஓடினார். கடைசிப் பெட்டி தாண்டுகிற நேரத்தில் அதில் கொடியோடு நின்ற கார்டு கையில் கோப்பையைத் திணித்தார். “உங்களுக்குத்தான் ஐயா! நல்லா இருங்க!”

கார்டு திகைத்துப்போய், “யாருதுய்யா இது? நாளைக்கு இதே வண்டியிலதான் திரும்பி வருவேன், வந்து வாங்கிக்கோங்க!” என்று கத்திக்கொண்டே போனார். கோப்பை குண்டுமணி அளவாகி, மறைந்தது.

ஜெயித்த சேதியையும் கோப்பை கையில் இல்லாததையும் போனில் சொன்னதும் பொன்னுத்துரை கத்தினார். “கோப்பை எங்கவே?”

“போகும்போது சின்னதாயிருச்சு அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன். “கவலைப்படாதீங்க. நாளைக்குத் திரும்பி வருது. ஆனா இந்த ரயில் வந்த வேகத்தைப் பார்த்தா, வந்து சேரும்போது வீடு அளவு இருக்கும். உங்க மேஜை தாங்காது. வாசலும் பத்தாது.”

அந்தப் பக்கம் முழம் போட்டு எண்ணுகிற குரல் கேட்டது. பொன்னுத்துரை யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு போனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ அவர் சொல்வது கேட்டது.

“ஏலே, கொத்தனாரைக் கூப்பிடு. முன்சுவரை இடிக்கணும். அப்படியே கேரம் பையன்களையும் வரச் சொல்லு, தூக்கிவைக்க ஆள் வேணும்.”