நூற்றெட்டை எரித்தவர்

“இந்தப் பேரு என்னைய விடமாட்டேங்குதுங்கம்மா” என்றார் தணிகாசலம்.

சென்னிமலை அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. எதிரே ஆவுடையம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் என்று ஊரெல்லாம் பேச்சு.

“என்ன பேரு?”

“நூத்தெட்டு.”

கிரிப்டோ காசு வாங்கி விற்கும் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். இணையத்தில் ஓர் எண்ணை விலைக்கு வாங்கி, அதையே பேராக வைத்துக்கொள்வார்கள். இலக்கம் குறையக் குறைய மரியாதை. ஐந்து இலக்கக்காரன் பேசும்போது மூன்று இலக்கக்காரர் வந்துவிட்டால், அவன் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தணிகாசலம் தன் லேத் பட்டறையை விற்று 108-ஐ வாங்கினார்.

அதன்பிறகு வாழ்ந்த வாழ்வை என்ன சொல்ல. அந்தக் கூட்டத்தின் இணையக் குழுவில் அவர் ‘ம்’ என்று போட்டால் நானூறு பேர் கைகூப்பினார்கள். துபாயில் ஒருவன் அவருக்குப் பதில் எழுதும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிடுவானாம். நம்பினால் நம்புங்கள்.

பிறகு சந்தை விழுந்தது. குழுவில் பாதிப் பேர் ஓடிப்போனார்கள். பட்டறையும் இல்லை, வேலையும் இல்லை. அப்போதும் ரேஷன் கடையில் தணிகாசலம் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

மனைவி மனோன்மணி பல்லடத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த நெனப்பைத் தொலைத்துவிட்டு வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்லியனுப்பினாள்.

“வித்துப்போடறதுதானுங்களே?” என்றார் ஆவுடையம்மை.

“போனேனுங்க. வாங்க வந்தவன் என்னைய ‘ஏனுங்க நூத்தெட்டு’ன்னு கூப்பிட்டுட்டான். மனசு வரல.”

ஆவுடையம்மை நிமிரவில்லை.

“அப்ப எரிச்சுப்போடுங்க.”

இணையத்தில் யாராலும் திறக்க முடியாத முகவரி ஒன்று உண்டு. அங்கே அனுப்பியது அனுப்பியவனுக்கும் இல்லை, இனி எவனுக்கும் இல்லை. அதைத்தான் எரிப்பது என்பார்கள். யார் எதை எரித்தாலும் கூட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தணிகாசலம் போனை எடுத்தார். மனோன்மணியை நினைத்துக்கொண்டு அழுத்தினார்.

போயிற்று.

வெண்டைக்காய் நறுக்கி முடியும்வரை அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பல்லடம் பஸ்ஸுக்கு நிற்கப் போனார். தோளில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

போன் நடுங்கியது.

குழுவில் செய்தி பரவியிருந்தது. ஓடிப்போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். மூன்று இலக்கத்தை எரித்தவர், துறந்தவர், மகான் என்று விடாமல் எழுதினார்கள். துபாய்க்காரன் நேரில் வந்து காலில் விழுவதாகச் சொன்னான்.

படித்துக்கொண்டே நின்றார். பஸ் வந்தது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

தணிகாசலம் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். அடுப்புப் பக்கம் நின்றிருந்த ஆவுடையம்மையிடம் மெல்லக் கேட்டார்.

“ஏனுங்கம்மா, மூணு இலக்கத்த எரிச்ச மொத ஆளு நானுங்களா?”

ஆவுடையம்மை அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு, அடக்கப் பார்த்தும் முடியாதவர்போல, சொன்னார்.

“மூணுல நீங்கதான். நான் எரிச்சது ரெண்டு.”